விலை ஏறினாலே கொள்ளையா? பதுக்கலையும் கொள்ளை விலையையும் பற்றி ஓர் எளிய விளக்கம்

வெள்ளமோ புயலோ ஊரடங்கோ, எது வந்தாலும் இரண்டு பேச்சு தவறாமல் கிளம்பும். "கடைக்காரன் பூராவும் பதுக்கிட்டான், கொள்ளையடிக்கான்" என்பது ஒன்று. கொஞ்சம் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வது இன்னொன்று: "தேவை கூடினால் விலை ஏறத்தான் செய்யும், இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது?" 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நெல்லைச் சீமை முழுக்க இந்த இரண்டையும் கேட்க முடிந்தது. இரண்டுமே பாதிதான் சரி. முதல் பேச்சு, முன்யோசனையோடு சரக்கு எடுத்துவைத்து ஊருக்குக் கொடுத்தவரையும் திருடனாக்கிவிடுகிறது. இரண்டாவது பேச்சு, பச்சைப்பிள்ளைக்குப் பால் தேடி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவரிடம் மூன்று மடங்கு காசு வாங்கியவரைத் தப்பவிடுகிறது.

எது தப்பு, எது தப்பில்லை, ஏன் என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

குளத்தில் தேக்குவதும் வாய்க்காலை அடைப்பதும்

தாமிரபரணிப் பாசனத்தில் மழைக்காலத்துத் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளங்களுக்குப் போய்ச் சேர்கிறது. குளம் நிரம்புவதை யாரும் குற்றம் சொல்வதில்லை. பிசானப் போகத்து நெற்பயிர் கதிர் வாங்கும் சமயத்தில் மழை நின்றுபோனால் குளத்தில் கிடக்கிற தண்ணீர்தான் பயிரைக் காப்பாற்றும்.

அதே தண்ணீரை இன்னொரு விதமாகவும் நிறுத்தலாம். கடைமடையில் பயிர் வாடுகிறது. தலைமடைக்காரருக்கு வயல் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவர் ராத்திரியோடு ராத்திரியாக நாலு மண்வெட்டி மண்ணை வெட்டிப் போட்டு வாய்க்காலை அடைத்துவிடுகிறார். குளத்திலும் தண்ணீர் நிற்கிறது, இங்கேயும் நிற்கிறது. ஆனால் குளம், மிச்சமாக இருந்த காலத்துத் தண்ணீரைக் குறைவான காலத்துக்குக் கொண்டுபோகிறது. வாய்க்காலை அடைத்தவர், குறைவான காலத்தில் இருக்கிற கொஞ்சத்தையும் போகவிடாமல் செய்கிறார்.

சரக்கிலும் இதே வித்தியாசம்தான். மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் நெல் குவியும், விலை இறங்கும். அப்போது வாங்கிக் குடோனில் அடுக்கி, ஆடி ஆவணியில் விற்கிற வியாபாரி லாபம் பார்க்கிறார். பார்க்கட்டும். அவர் வைத்திருக்காவிட்டால் ஆடியில் அரிசி இன்னும் விலை ஏறியிருக்கும். இதற்குப் பெயர் இருப்பு வைத்தல். மாதச் சாமானை மொத்தமாக வாங்கிப் போடுகிற குடும்பமும் இருப்புத்தான் வைக்கிறது.

பதுக்கல் என்பது வேறு. தட்டுப்பாடு வந்துவிட்டது, அல்லது நாளைக்கே வரப்போகிறது என்று தெரிகிறது. விற்பதற்கென்று வாங்கிய சரக்கு உள்ளே இருக்கிறது. இன்னும் ஏறட்டும் என்று அதை வெளியே விடாமல் "ஸ்டாக் இல்லை" என்று சொல்வதுதான் பதுக்கல். எத்தனை மூட்டை என்பதைவிட எப்போது, எதற்காக நிறுத்தினார் என்பதுதான் முக்கியம். நெருக்கடி சமயத்தில் பத்து மூட்டையை ஒளித்துவைத்தவர் பதுக்கல்காரர்தான். அறுவடையில் ஆயிரம் மூட்டை வாங்கியவர் அப்படி இல்லாமல் இருக்கலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1943 வங்கப் பஞ்சம் சாட்சி. முந்தைய வருடம் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே வருடம் அக்டோபரில் மேதினிப்பூர்ப் பக்கம் பெரும்புயல். போர்ச்செலவுக்காக அரசு இறக்கிய பணம் விலைவாசியை ஏற்றிக்கொண்டே இருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆனால் 1943-ல் வங்கத்தில் இருந்த உணவு, பஞ்சம் இல்லாத 1941-ல் இருந்ததைவிடக் குறைவில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் கணக்குப் போட்டுக் காட்டினார். அரிசி இருந்தது, ஆனால் கூலிவேலை செய்கிறவர் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. பதுக்கல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. போருக்காக அரசு வாங்கிக் குவித்ததும், மாகாணத்துக்கு மாகாணம் தானியம் போகவிடாமல் தடுத்ததும் சேர்ந்துகொண்டன. ஆனால் "இன்னும் ஏறும், பொறு" என்று வியாபாரிகளும் வசதியான விவசாயிகளும் கையிருப்பை இறுக்கியது அந்த விலையை மேலும் மேலும் தூக்கியது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மிச்சக் காலத்தில் வாங்கிப் பற்றாக்குறைக் காலத்தில் விற்பது இருப்பு வைத்தல். பற்றாக்குறைக் காலத்தில் விற்காமல் நிறுத்துவது பதுக்கல்.

விலை ஏற்றம் எப்போது கொள்ளையாகிறது?

பொங்கலுக்கு முந்தின நாள் சங்கரன்கோவில் சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போகும். வாங்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள், யாரும் போலீசுக்குப் போவதில்லை. ஏனென்றால் இரண்டு முழத்துக்குப் பதில் ஒரு முழம் வாங்கலாம், கனகாம்பரம் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். குடிதண்ணீருக்கும் சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய இன்சுலினுக்கும் அப்படி ஒரு வழி கிடையாது.

செலவும் ஒரு கணக்கு. மழையில் லாரி சுற்றிக்கொண்டு வருகிறது, பாதிக் காய் அழுகிவிட்டது, நயினார்குளம் மொத்த மார்க்கெட்டிலேயே தக்காளி ஏறிவிட்டது என்றால் தெருக்கடையில் பழைய விலைக்கு எப்படிக் கிடைக்கும்? ஏறிய செலவு விலையில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

இங்கே பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. "பழைய சரக்குத்தானே, பழைய விலைக்குக் கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறோம். கிலோ 100 ரூபாய்க்குப் பருப்பு எடுத்தவருக்கு, அடுத்த லோடு 140 ஆகும் என்று தகவல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருப்பதை 110-க்கே விற்றுத் தீர்த்தால் அடுத்த லோடு எடுக்க முதல் போதாது. விற்ற சரக்கைத் திரும்ப வாங்கிவைக்க ஆகும் இந்தத் தொகையை மறுகொள்முதல் விலை என்று சொல்லலாம். அதைப் பார்த்து விலை வைப்பது கொள்ளை இல்லை. ஆனால் அடுத்த லோடு 140 என்னும்போது கிலோ 300 என்று சொன்னால், அந்தக் கணக்கை வைத்து அவர் தப்பிக்க முடியாது.

சாதாரண மனிதர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்டு தேலர் மூவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கனடாக்காரர்களிடம் சில கேள்விகள் கேட்டிருந்தார்கள். 15 டாலருக்குப் பனி அள்ளும் மண்வாரி விற்றுவந்த கடைக்காரர், பெரும்பனி பெய்த மறுநாள் காலை அதையே 20 டாலர் ஆக்குகிறார். சரியா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். இன்னொரு கேள்வியில், வரத்துக் குறைந்து மொத்த விலை ஏறியதால் கீரைக்கட்டுக்கு அதே அளவு மட்டும் கடைக்காரர் ஏற்றுகிறார். 79 சதவீதம் பேர் பரவாயில்லை என்றார்கள். ஏறிய விலை அவருடைய செலவிலிருந்து வந்ததா, வாங்குகிறவரின் கஷ்டத்திலிருந்து வந்ததா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஆக, கொள்ளை விலை என்றால் என்ன? வாங்குகிறவர் மறுக்கவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது, வேறு கடைக்குப் போகவும் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு, தன் செலவுக்குச் சம்பந்தமில்லாமல் அத்தியாவசியப் பொருளுக்கு ஏற்றும் விலை. சாதாரண நாளில் பேரம் பேசும்போது நம் கையில் இருக்கிற ஒரே பலம், "வேண்டாம், அடுத்த கடையில் பார்த்துக்கிடுதேன்" என்று திரும்பி நடப்பது. வெள்ளத்தில் அந்த அடுத்த கடை மூழ்கிக் கிடக்கிறது. அப்போது விலை இருவர் ஒப்புக்கொண்டு முடிவானது என்று சொல்ல முடியுமா? ஒப்புக்கொள்ளாமல் போக இடமில்லாதவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

"விலை ஏறினால்தானே சரக்கு வரும்?"

இந்த வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. அதில் நிஜமான விஷயம் இருக்கிறது. விலை இரண்டு வேலை செய்கிறது. ஏறினால், அவ்வளவாகத் தேவைப்படாதவர்கள் குறைத்து வாங்குவார்கள், மிச்சம் மற்றவர்களுக்குக் கிடைக்கும். அப்புறம், வெளியூர்க்காரர்கள் லாபம் பார்த்து வண்டி வண்டியாகச் சரக்கு அனுப்புவார்கள், கொஞ்ச நாளில் விலை தானே இறங்கும்.

இதெல்லாம் நடக்க ஒன்று வேண்டும்: வண்டி வரப் பாதை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கச் சராசரியாகப் பெய்கிற மழையையும் தாண்டிய அளவு அது. தாமிரபரணி கரை புரண்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீருக்குள் போனது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த இரண்டு நாளில் ஏரலில் பால் லிட்டர் ஐந்நூறு ரூபாய் என்று அறிவித்திருந்தாலும் ஒரு பாக்கெட்டும் கூடுதலாக வந்திருக்காது. வந்ததெல்லாம் ஹெலிகாப்டரிலும் படகிலும்தான்.

அந்த மாதிரி நேரத்தில் உயர்ந்த விலை புதுச்சரக்கைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற சரக்கை ஒருவர் கையிலிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறது, இடையில் விற்பவர் பையை நிரப்புகிறது. யாருக்கு அதிகம் தேவை என்பதையும் அது சரியாகக் காட்டுவதில்லை. பீடி சுற்றுகிற அம்மா தன் பேரனுக்காக 60 ரூபாய் வரை கொடுக்க முடியும். டீ குடிக்க ஆசைப்படுகிற வசதிக்காரர் 100 ரூபாயை யோசிக்காமல் நீட்டுவார். பால் அவருக்குப் போனால், அவருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது என்று அர்த்தமா?

ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயிலுக்குப் பக்கத்து ஊரான புதுக்குடியின் மக்கள், அவர்களும் மழையில் நனைந்துகொண்டுதான் இருந்தார்கள், கையிலிருந்த அரிசியைச் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள். விலை ஏறாமலேயே அங்கே சரக்கு வந்தது.

பாதை திறந்த பிறகு கதை மாறும். ப்ளீச்சிங் பவுடரும் பாயும் ஸ்டவ்வும் ஜெனரேட்டரும் லாரியில் வந்து இறங்கும்போது, அனுப்பியவருக்கு நல்ல லாபம் கிடைத்தால்தான் அடுத்த லாரியும் வரும். அப்போதும் பழைய விலையைத் தாண்டக் கூடாது என்று அதிகாரி பிடிவாதம் பிடித்தால், கொள்முதலுக்குக்கூடக் கட்டாத பொருளை யாரும் எடுக்கமாட்டார்கள். கட்டுப்பாட்டு விலையே தட்டுப்பாட்டை உண்டாக்கும். சந்தை வாதம் இரண்டாவது வாரத்துக்குப் பொருந்தும். அதை முதல் இரண்டு நாளுக்குச் சொல்வதுதான் தப்பு.

வில்லனே இல்லாத தட்டுப்பாடு

கொள்ளை விலைக்காரரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நிறைய நேரம் கடை காலியாவது நம்மால்தான்.

ஒரு தெருவில் 60 வீடு, கடையில் 60 பால் பாக்கெட். வீட்டுக்கு ஒன்று என்றால் எல்லோருக்கும் உண்டு. முதலில் வந்த 15 பேர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று நாலு நாலாக வாங்கினால் 60-ம் முடிந்தது. 45 வீட்டுக்கு இல்லை. அந்த 15 பேரில் யாரும் கெட்டவர்கள் இல்லை, விற்று லாபம் பார்க்கவும் வாங்கவில்லை. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் வாங்குவதைப் பீதிக் கொள்முதல் என்கிறோம். பயப்பட்டதாலேயே பயந்தது நடந்துவிடுகிறது. காலியான கடையைப் பார்த்தவர் அடுத்த கடைக்கு ஓடுகிறார், அங்கேயும் நாலு கேட்கிறார்.

அந்த வெள்ளத்தில் பாளையங்கோட்டையில் ஒரு தெருமுனைக் கடையில் நான் நின்றபோது பார்த்ததைச் சொல்கிறேன். கரண்ட் இல்லை. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அண்ணாச்சி மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீள நோட்டை விரித்துவைத்து, பற்றுக் கணக்கு எழுதுகிற மாதிரியே தெருப்பெயரும் வீட்டுக்காரர் பெயரும் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் நாலு பால் பாக்கெட் கேட்டார்.

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான் யக்கா. கைப்புள்ள இருந்தா ரெண்டு."

"கூடக் காசு வேணும்னாலும் தாரேன் அண்ணாச்சி."

"காசு யாரு கேட்டா? பின்னால நிக்கவங்களப் பாருங்க."

அந்த அக்கா திரும்பிப் பார்த்தார். வரிசை தெரு திரும்பும் வரைக்கும் நின்றது. ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். பொருளாதாரப் பாடம் படிக்காத அந்த அண்ணாச்சி செய்ததற்குப் பெயர் பங்கீடு: குறைவாக இருப்பதைத் தேவையைப் பார்த்து அளந்து கொடுப்பது. பாக்கெட்டில் போட்ட விலைதான் வாங்கினார். நோட்டில் எழுதியது எதற்கென்றால், அதே வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து மறுபடியும் வாங்கிவிடக் கூடாதே என்றுதான்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: பீதிக் கொள்முதலில் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் விளைவு பதுக்கலின் விளைவேதான். ஆளுக்கு இவ்வளவு என்ற அளவு இருந்தால் பயம் பாதி அடங்கிவிடும்.

விலை, வரிசை, பங்கீடு

குறைவான பொருளைப் பிரிக்க முக்கியமாக மூன்று வழி உண்டு. யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு, யார் முதலில் வந்தாரோ அவருக்கு, யாருக்குத் தேவையோ அவருக்கு. முதலாவது ஏழையைத் தள்ளுகிறது. இரண்டாவது, நிற்க முடியாத கிழவியையும் வேலையை விட்டு வர முடியாதவரையும் தள்ளுகிறது. மூன்றாவதுதான் நியாயத்துக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் தேவையைப் பார்த்துச் சொல்ல நேர்மையான ஓர் ஆள் வேண்டும்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்த மூன்றையும் நாம் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டோம். ரெம்டெசிவிர் ஊசி மருந்து கள்ளச்சந்தையில் பல மடங்கு விலைக்குப் போனது. அரசு அதைக் குறைந்த விலைக்கு நேரடியாக விற்க ஆரம்பித்தது, முதலில் சென்னையில், மே மாதம் திருநெல்வேலி உட்பட மற்ற ஊர்களிலும். நோயாளியின் மருத்துவச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உறவினர்கள் மணிக்கணக்கில் கால்கடுக்க நின்றார்கள். அந்தக் கூட்டமே தொற்றைப் பரப்பும் நிலைமை வந்ததும், மே மாதத்திலேயே அதை நிறுத்தி, மருத்துவமனைகளுக்கே மருந்தைக் கொடுக்கும் முறைக்கு அரசு மாறியது. விலையிலிருந்து வரிசைக்கு, வரிசையிலிருந்து பங்கீட்டுக்கு.

வேதனை என்னவென்றால், அந்த மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது யார் அதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பார்கள்? கொள்ளை விலைக்கு மிகவும் வசதியான இடம் அந்தத் திகில்தான். நகையை அடகு வைத்து வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தத் திகிலுக்கு விலை வைத்தவர்களைச் சொல்லாமல் விடவும்மாட்டேன்.

சட்டம் எதுவரை வரும்?

அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் 1955-ல் வந்தது. உணவுப்பொருள், மருந்து, பெட்ரோலியப் பொருள்கள், உரம், விதை போன்றவற்றின் விலையையும் இருப்பையும் கட்டுப்படுத்த அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. ஒரு வியாபாரி அதிகபட்சம் எவ்வளவு வைத்திருக்கலாம் என்று அரசு சொல்வது இருப்பு வரம்பு. 2023 ஜூனில் துவரம் பருப்புக்கும் உளுந்துக்கும் இப்படி வரம்பு போட்டபோது மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்று முதலில் வைத்தார்கள். பட்டியலில் இல்லாத பொருளையும் தேவைப்பட்டால் சேர்க்கலாம். 2020 மார்ச்சில் முகக்கவசமும் சானிடைசரும் அப்படித்தான் சேர்ந்தன. மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், 200 மி.லி. சானிடைசர் 100 ரூபாய் என்று உச்சவிலையும் வைக்கப்பட்டது. கள்ளச்சந்தைக்காரரை ஆறு மாதம் வரை தடுப்புக்காவலில் வைக்க 1980-ம் வருடத்துச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்கினால் வெள்ளமாக இருந்தாலும் வெயிலாக இருந்தாலும் குற்றம்தான். "கூலிங் சார்ஜ்" என்று ரெண்டு ரூபாய் கேட்பதும் இதில் சேரும்.

ஓட்டை எங்கே என்றால், எம்.ஆர்.பி. இல்லாதவற்றில். உதிரியாக விற்கிற காய்கறி, லாரித் தண்ணீர், வீட்டுச் சகதியை அள்ள ஆள்கூலி, மூழ்கிய பைக்கை இழுத்துக்கொண்டுபோக வேன் வாடகை. நெருக்கடியில் நம்மை அதிகம் கடிப்பது பெரும்பாலும் இவைதான். இவற்றுக்குக் கொள்ளை விலை என்று பொதுவாகத் தடைபோடும் சட்டம் நம்மிடம் இல்லை. மாவட்ட நிர்வாகம் தலையிட்டால் உண்டு, தெருவில் நாலு பேர் சேர்ந்து நியாயம் கேட்டால் உண்டு.

எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம், மாவட்டத் தொழிலாளர் துறையிலும் புகார் கொடுக்கலாம். அதற்கு பில் வேண்டும். நெருக்கடியில் யாரும் பில் தரமாட்டார்கள் என்பதால், பணம் போன ஜி பே பதிவை அழிக்காமல் வையுங்கள். அட்டையில் உள்ள விலையும் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பாலைக் காய்ச்சிவிட்டு கவரைத் தூர எறிந்த பிறகு அதில் என்ன விலை போட்டிருந்தது என்று நிரூபிக்க முடியாது.